ஹூஸ்டன் கிளம்புமுன் அப்பா சொல்வது

அன்புள்ள மகளுக்கு,

ஜூலையில் ஐந்து நாள் பேரனோடு ஹூஸ்டன் போவதாக நேற்றுச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். சித்தப்பா டல்லாஸுக்குக் குடிபோவதற்கு முன், அங்கே இருந்தபோது, நானும் அம்மாவும் மூன்று மாதம் தங்கிச் சுற்றிய ஊர் அது.

நீ இருக்கும் பாஸ்டன் மாதிரி நடந்தே பார்த்துவிடுகிற ஊர் இல்லை. அங்கே தூரம்தான் பெரிய செலவு. அதனால் திசை பார்த்து நாளைப் பிரித்துக்கொள். காலையில் ஒரு மூலை, சாயங்காலம் எதிர்மூலை என்று வைத்தால் பிள்ளைக்குக் காரிலேயே பொழுது போய்விடும். விமான நிலையமும் இரண்டு. புஷ் வடக்கே 20 மைலுக்கு மேல். ஹாபி தெற்கே, ஊரை ஒட்டி இருக்கிறது. டிக்கெட் விலை முன்னே பின்னே இருந்தாலும் ஹாபிக்கே எடு.

ரூமை மியூசியங்கள் இருக்கும் பக்கம் போடு. ரெட் லைன் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது, டிக்கெட் 1.25 டாலர். டவுன்டவுன், ஹெர்மன் பார்க், மிருகக்காட்சி சாலை எல்லாவற்றுக்கும் கார் வேண்டாம். மெனில் ஓவியக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். டவுன்டவுனில் தெருவுக்கு அடியில் ஏசி போட்ட சுரங்கப்பாதை இருக்கிறது, ஆறு மைலுக்கு மேல் நீளம். ஆபீஸ் நாட்களில்தான் திறந்திருக்கும். சனி, ஞாயிறில் அதை நம்பிப் போகாதே.

வெயில் நமக்குப் புதிது இல்லை என்று நினைக்காதே. அது கசகசவென்று புழுங்குகிற வெயில். உள்ளே வந்தால் ஏசி குளிரில் பல் கிட்டும், பையனுக்கு ஒரு ஸ்வெட்டர் வை. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தால் காரை எடுக்காமல் பொறுத்திரு. ஒருநாள் பாலத்துக்கு அடியில் போகும் ரோட்டில் கண்முன்னே தண்ணீர் ஏறியது. சித்தப்பா பேசாமல் வண்டியைத் திருப்பிவிட்டார். எங்களுக்கு முன்னால் துணிந்து இறங்கிய கார் நடுவிலேயே நின்றுபோனது. அந்த மாதிரி இடத்தில் எவ்வளவு அவசரமானாலும் இறங்காதே.

ஒரு முழு நாள் நாசாவின் ராக்கெட்டுகளைக் காட்டும் ஸ்பேஸ் சென்டருக்கு. டவுன்டவுனிலிருந்து ஏறக்குறைய 25 மைல், தென்கிழக்கே. காலையில் திறக்கும்போதே போய்விடு. நிலவுக்கு ஆள் அனுப்பக் கட்டிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் படுக்கவைத்திருக்கிறார்கள், 363 அடி. நம் பெரிய கோயில் விமானம் 216 அடி என்று பையனுக்குத் தெரியும். ராக்கெட்டை நிமிர்த்தினால் இன்னும் எத்தனை அடி மேலே போகும் என்று அவனையே கணக்குப் போடச் சொல். திரும்பும்போது பேர்லண்டில் மீனாட்சி கோயிலுக்கும் போய்வரலாம், இரண்டும் தெற்குப் பக்கம்தான்.

ஸ்பேஸ் சென்டரில், நிலவுப் பயணத்தைத் தரையிலிருந்து இயக்கிய அப்போலோ கன்ட்ரோல் ரூமுக்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே எடுத்துவிடு. 1969-ல் இருந்தபடியே திருத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் சாம்பல் கிண்ணம், காபிக் கோப்பை, ஆள் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மேலே போக 80-க்கு மேல் படி. முழங்கால் வலியில் அம்மா ஏறவில்லை, கீழேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்கி வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டாள், ஆனாலும் பார்க்காத குறை அவளுக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் பேரனைப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறச் சொல். ராத்திரி பாட்டிக்கு வீடியோ காலில் வந்து எத்தனை படி, எந்த மேசையில் என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் அவனே சொல்லட்டும்.

அன்புடன்,
அப்பா