இரவல் போன கேசட்டுகளைத் திருப்பித் தாருங்கள்

அன்புள்ள சித்தப்பாமார்களுக்கும் அத்தைமார்களுக்கும், அத்தான் மதினிகளுக்கும், அப்பாவின் நண்பர்களுக்கும் வணக்கம்.

யார் எதை வாங்கிப் போனீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் பச்சை அட்டை நோட்டிலும் தேதியோடு இருக்கிறது. திரும்பி வந்தால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுப்பார். கோடு விழாத வரிகள் இன்னும் 23.

இந்த 23 போக, போன வாரம் ஒன்று வந்து சேர்ந்தது. 1984 பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஊர் சாமி புறப்பாட்டில் அப்பா பதிந்த 90 நிமிடக் கேசட். ஒரு பக்கம் சாமி வாசல் தாண்டும்போது வாசித்த மல்லாரி. மறுபக்கம் மேலவீதி முனையில் நின்று வாசித்த தோடி ராகம். வாசித்தவர் எங்கள் ஊர் நாகஸ்வரக்காரர். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தாலும் அவர் தோடி இசைத்தட்டில் இருக்கிறது, இன்றும் கேட்கிறோம். எங்கள் ஊர்க்காரர் இசைத்தட்டு கொடுக்கவில்லை, வானொலிக்கும் போகவில்லை. அவருடைய தோடி உலகத்திலேயே அந்த ஒரு நாடாவில்தான் இருந்தது.

மல்லாரி சரியாக இருக்கிறது. திருப்பிப் போட்டேன். தோடி தாரஸ்தாயியை, அந்த மேல் சுரங்களை, எட்டப்போகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு யார் வீட்டிலோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். கைதட்டல், டம்ளர் சத்தம், மிக்ஸி. கடைசிவரை அதுதான். அதன்மேல் யாரும் பதிந்துவிடக் கூடாது என்றுதான் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் அப்பா ஒடித்து வைத்திருந்தார். அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறீர்கள். கைதவறி நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. டேப்பை வெட்டி, ஒட்டி, அழுத்திவிட்டிருக்கிறீர்கள். அழிந்ததை இனி எந்தக் கடையிலும் மீட்க முடியாது. அந்தக் குழந்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

யார் வீட்டுக் குரல் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: மீதி 23-ஐயும் திருப்பித் தாருங்கள்.

"யூடியூப்ல இல்லாததா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. இவை எதுவும் அங்கே இல்லை. ஊர்த் திருவிழாக்களில் அப்பா தோளில் டேப்ரிக்கார்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து பதிந்தவை. தவிலுக்கு நடுவே அவர் இருமல்கூட அதில் கேட்கும். அவர் போன பிறகு அந்த இருமலும் எனக்கு வேண்டியிருக்கிறது.

நம் குடும்பத்தில் முப்பது வருடத்துக்கு முன் வைத்த 51 ரூபாய் மொய்யை யாரும் மறப்பதில்லை. நோட்டைப் பார்த்து, கூட ஒரு தொகை சேர்த்துத் திருப்பிச் செய்கிறோம். இரவல் வாங்கிய அண்டாவைத் துலக்கித்தான் கொடுக்கிறோம். பாட்டு என்றால் மட்டும் அது யாருடைய பொருளும் இல்லை என்று ஆகிவிடுகிறது. கேட்டு வந்தால் "எங்கேயோ கிடக்கும்" என்கிறீர்கள். கார் டேஷ்போர்டில் வெயிலில் கிடந்ததையும், அட்டைப்பெட்டியில் பூஞ்சை பிடித்துக் கிடந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். வாசலில் நின்று கேட்கும்போது கடன் வசூலிக்க வந்தவனைப்போல என்னைப் பார்க்கிறீர்கள். அது எனக்கு வலிக்கிறது.

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பணிவாகவே கேட்கிறேன், எந்த நிலையில் இருந்தாலும் திருப்பித் தாருங்கள். நாடா சிக்கியிருந்தால் இழுக்க வேண்டாம், அறுந்திருந்தால் ஒட்ட வேண்டாம், நன்றாக இருக்கிறதா என்று பழைய பிளேயரில் போட்டும் பார்க்க வேண்டாம். 90 நிமிட நாடா மிக மெல்லியது, ஒரு தடவை சுற்றிக்கொண்டால் போயிற்று. உடைந்த டப்பாவாக இருந்தாலும் அப்படியே கொடுங்கள். நாடாவை வேறு டப்பாவுக்கு நானே மாற்றிக்கொள்வேன். கணினியில் ஏற்றி உங்கள் எல்லோருக்கும் ஒரு பென்டிரைவ் தருகிறேன்.

தை பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். வர முடியாதவர்கள் ஒரு போன் செய்யுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தோடியை யாராவது எப்போதாவது பிரதி எடுத்திருந்தால், பாதியே இருந்தாலும், தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நோட்டை இப்போது வைத்திருக்கும் மகன்