எந்தப் பட்டன் எங்கே போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கம், ரேஷன் கார்டு திருத்தம் என்று எல்லாமே ஆன்லைனுக்குப் போன பிறகு ஊரில் பாதி சனத்துக்கு எங்கள் கடைதான் கம்ப்யூட்டர். நான் எழுதுவது மின்னஞ்சல் பற்றி. அதன் தோற்றத்தை மாற்றுகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் பழையதே போதும் என்கிறவர்களை ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்?

கடைக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும், அதில் மின்னஞ்சல் அனுப்பும் முறையை அவரே படம் போட்டு வைத்திருக்கிறார். இடது பக்கம் மேலே பட்டன், ஊக்கு மாதிரி இருப்பதை அழுத்தினால் ஃபைல் சேரும், குப்பைத் தொட்டி எத்தனையாவது படம், எல்லாம் அச்சு மாதிரிக் கையெழுத்தில். ஒருநாள் வந்து உட்கார்ந்தார், பட்டன்களின் மேல் இருந்த பெயர்கள் போய் வெறும் படங்கள் மட்டும் நிற்கின்றன, இடது ஓரத்தில் சாட், வீடியோ என்று புதிதாக ஒரு வரிசை, குப்பைத் தொட்டி இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு பெட்டி. "என்னவே, பொட்டிய மாத்திட்டீரா?" என்றார். பெட்டி அதேதான் சார், உள்ளே இருக்கிறவர்கள் மாற்றிவிட்டார்கள் என்றேன். அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். அப்புறம் அதையும் அடிக்க வேண்டி வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த மனிதரை வயசானவருக்குப் புரியவில்லை என்று ஒதுக்குவது அநியாயம்.

பத்தமடையில் பாய் ஆர்டர் எடுத்து நெய்து அனுப்பும் ஒரு அக்கா பட்ட பாடு வேறு. வெளியூர்க்காரர் ஒருவரோடு கடிதப் போக்குவரத்து. பதில்களையெல்லாம் ஒரே தலைப்புக்குக் கீழே அடுக்கி மடித்துக் காட்டும் முறை தானாகவே வந்துவிட்டது. நடுவில் வந்த 'நீலம் வேண்டாம், சிவப்பு போடுங்கள்' என்ற கடிதம் மடிப்புக்குள் கிடந்திருக்கிறது, இவர் கண்ணில் படவில்லை. கோரைக்கு நீலச் சாயம் ஏற்றிப் பாதிப் பாய் நெய்தாகிவிட்டது. நுணுக்கமான பட்டுப்பாய் நெய்ய எத்தனை நாள் பிடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

நடந்ததைப் பாருங்கள். ஜிமெயில் 2013-ல் கடிதங்களைத் தாவல் தாவலாக, அதாவது தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்தது, 2018-ல் முகத்தையே மாற்றியது, 2022-ல் சாட்டும், வீடியோவில் பேசும் 'மீட்' வசதியும் இடது ஓரத்துக்கு வந்தன. மெதுவான நெட்டிலும் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடிக்கொண்டிருந்த அதன் எளிய எச்டிஎம்எல் தோற்றத்தை 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு முடித்துக்கொண்டு எல்லாரையும் புதிய அவுட்லுக்குக்குப் போகச் சொன்னது.

எளிய தோற்றம் போனதில் எனக்குக் கூடுதல் வருத்தம். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்த ஒரு தம்பி கடைக்கு வருவான். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு, எத்தனை தடவை கீபோர்டில் டேப் பட்டனை அழுத்தினால் எது வரும் என்று விரலிலேயே வைத்திருப்பான். திரையில் நாலு பொருள் கூடினால் அவனுக்கு எல்லாக் கணக்கும் மாறிப்போகும். டிஜிட்டல் வசதிகளை எல்லாரும் அணுக முடிவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. வழக்கு வங்கிகள் வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி பற்றியது என்றாலும் இதற்கும் பொருந்தாமலா போகும்?

இன்னொரு எரிச்சல். 'புதிய தோற்றத்தை முயன்று பாருங்கள்' என்று நடுத்திரையில் ஒன்று வந்து நிற்கும். 'சரி' இருக்கும், 'பிறகு' இருக்கும். 'வேண்டாம்' மட்டும் இருக்காது. பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே போனால் ஒருநாள் கேட்காமலே மாறியிருக்கும்.

முடியாத காரியம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருள் 2023-ல் 115-ஆம் பதிப்பில் பெரிய மாற்றம் கொண்டு வந்தது, அதிலும் திட்டினவர்கள் உண்டு. ஆனால் கடிதங்களைப் பழையபடி வரிசைப் பட்டியலாகவே பார்க்கலாம் என்ற வழியையும் வைத்தார்கள். ஜிமெயிலிலும் செட்டிங்ஸுக்குள் போனால் பட்டன்களில் படத்துக்குப் பதில் எழுத்து வர வைக்கலாம், கடிதங்களை மடித்து அடுக்குவதை நிறுத்தலாம், தமிழிலேயே எல்லாவற்றையும் காட்டச் சொல்லலாம். வாத்தியாருக்கு இதைச் செய்து கொடுத்த பிறகு என்னைக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது. அந்தச் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் கொடுமை.

ஆனித் தேரோட்டத்துக்கு டவுனில் போக்குவரத்தை மாற்றினால்கூட எந்த வண்டி எந்த வழியாகப் போகணும் என்று முன்கூட்டியே உங்கள் பேப்பரில் வந்துவிடுகிறது. கோடிக்கணக்கான பேர் தினமும் புழங்குகிற ஒன்றை மாற்றும்போது அந்த அறிவிப்பு தமிழில் வரக் கூடாதா? பழைய தோற்றத்தை ஒரு வருஷமாவது விட்டுவைக்கச் சொல்லி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நிறுவனங்களிடம் கேட்கலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

அதுவரைக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது போடுகிறீர்கள், பாதி நாள் புது போன் விலைப்பட்டியலாக இருக்கிறது. அதில் கால் பக்கம் ஒதுக்கி, மின்னஞ்சலில் மாற்றம் வரும்போதெல்லாம் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்தப் பட்டன் எங்கே போயிருக்கிறது, பழையபடி வைக்க எங்கே அழுத்த வேண்டும் என்று தமிழில் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர், சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்