எங்கள் பிள்ளைகளுக்கு நரகத்தில் இடம் ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் ஊழியம் செய்யும் சபைகளின் போதகர்மாருக்கும், எங்கள் சைவ ஆலயங்களின் குருமாருக்கும் பரிபாலன சபையாருக்கும்,

மதிப்புக்குரியோரே, வணக்கம்.

போன மாதம் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு செத்தவீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். செத்தவர் சைவம், மூத்த மகள் சபைக்குப் போகிறவள். சைவக் கிரியையில் சுண்ணம் இடித்து முடிந்தபிறகு, மகளின் மனம் நோகக்கூடாதென்று, ஒரு சின்ன ஜெபம் சொல்லப் போதகருக்கு இடம் விட்டார்கள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வற்றாப்பளை அம்மனுக்கும் பொங்குகிற சனம் நாங்கள். ஒரே வீட்டில் திருநீறும் சிலுவையும் இருப்பது இங்கே புதினமில்லை.

அவர் ஜெபம் சொல்லவில்லை, தீர்ப்புச் சொன்னார். கர்த்தரை ஏற்றுக்கொள்ளாமல் போன இந்த ஐயா இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா என்று கேட்டு, பதிலையும் தானே சொன்னார். பிறகு பாயில் இருந்த பெண்கள் பக்கம் திரும்பி, யுத்தத்தில் போன உங்கள் பிள்ளைகளும் அந்த அக்கினியில்தான், நீங்களாவது தப்பிக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தப் பாயில் ஓர் அம்மா இருந்தார். 2009 மே மாதம், யுத்தம் முடிகிற நேரம், வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள், நம்பினார். பெடியன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு மகனின் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தடுப்பு முகாம், ஆணைக்குழு, 2017 இல் தொடங்கிய தெருவோரப் போராட்டம் என்று அவர் போகாத இடமில்லை. லேமினேட் செய்த அந்தப் படத்தின் ஒரு மூலைக்குள் மழைத்தண்ணி இறங்கி, மகனின் ஒரு காது கரைந்துபோய்விட்டது. இனி மழைக்கு அதை வெளியே எடுப்பதில்லை, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்கிறார்.

போதகர் சொன்னதைக் கேட்டு அவர் அழவில்லை, கத்தவுமில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: “அவன் செத்ததெண்டு இவருக்கு ஆர் தம்பி சொன்னது?”

நான் என்ன சொல்ல? அரசாங்கமே இன்றுவரை அந்தப் பிள்ளை இருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. உங்களுக்கோ அவன் செத்ததும் தெரிந்திருக்கிறது, செத்தபின் குடியிருக்கிற விலாசமும் தெரிந்திருக்கிறது. பெரிய காரியம். அந்த விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தால் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவார். நெருப்பென்று பயந்து நிற்கிற ஆளில்லை, கடைசி யுத்தத்தில் மாத்தளனுக்குள்ளால் வந்தவர்.

குருமாரும் ஆலய சபையாரும் இதை வாசித்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். மடல் உங்களுக்கும்தான். இதே அம்மாவிடம், அந்தியேட்டி செய்யாததால் மகனின் ஆவி தாகத்தோடு அலைகிறது, இளையவளின் கலியாணம் தள்ளிப்போவதும் அதனால்தான் என்று சொல்லி, சாந்திக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் உங்கள் பக்கத்து ஐயர் ஒருவர். அந்தியேட்டி செய்வதென்றால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாய் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் கிரியை செய்யவுமில்லை, பட்டியலை எறியவுமில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் நாலாய் மடித்து வைத்திருக்கிறார். ஒருவர் எரிக்கிறீர்கள், மற்றவர் அலையவிடுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாய்க்கு நித்திரை இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். செத்தவீட்டிலும் நினைவு நாளிலும், போனவர்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் எங்கே இடம் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இது சமயத்துக்கு எதிரான பேச்சில்லை. நரகத்தைப் பற்றி உங்களுக்குள்ளேயே ஒரு சொல் இல்லையே. அட்வென்டிஸ்ட் சபையார், செத்தவர் உயிர்த்தெழும் நாள்வரை நித்திரையில், கெட்டவனுக்கும் கடைசியில் அழிவுதான், என்றென்றும் எரிவது கிடையாது என்கிறார்கள். தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதி வைத்தது. எத்தனையோ பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அந்தத் திருச்சபை, இன்னார் நரகத்தில் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. தூதரை அனுப்பாமல் எவரையும் தண்டிப்பதில்லை என்று குர்ஆனின் 17 ஆம் அத்தியாயம் சொல்கிறது. போதகர் கையில் இருந்த வேதாகமத்தில் மத்தேயு 25 ஆம் அதிகாரமும் இருந்திருக்கும். அந்தத் தீர்ப்பு நாளில் கேட்கப்படுவது, பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, தாகத்துக்குத் தண்ணி கொடுத்தாயா என்பதுதான். முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று வாங்கின கஞ்சியில் பாதியைப் பக்கத்து பங்கர்ப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டுப் போன பெடியங்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு என்ன தீர்ப்பு ஐயா?

சைவத்தில் நரகம் 28 என்று புராணம் எண்ணினாலும் ஒன்றுகூட நிரந்தரமில்லை. வினை தீர்ந்தால் வெளியே வரலாம். அரசனின் ஆட்கள் பிடிக்க வந்து நின்றபோது அப்பர் பாடியது ‘நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்’ என்று. வெள்ளிக்கிழமை அதை மைக்கில் பாடுவதும் சனிக்கிழமை ஒரு தாய்க்கு நமனைக் காட்டி வெருட்டுவதும் எப்படிப் பொருந்தும்?

நரகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துச் சனத்தை உள்ளே கூப்பிட்டு, அதற்குள்ளேயே எறிகணை அடித்தவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய்ச் சண்டையில் விட்டவர்களுக்கும் ஒரு கேள்வி கணக்கு வேண்டாமா? சித்திரபுத்திரனார் ஏட்டில் எல்லாப் பக்கத்துக் கணக்கும் இருக்கட்டும். ஜெனிவாவில் ஐ.நா. வரை நீதி கேட்டுப் போன சனத்துக்குத் தீர்ப்பு நாள் என்பது நல்ல செய்தியாய் இருந்திருக்க வேண்டியது. அதை எடுத்து, கேட்க நாதியில்லாத தாயின் பிள்ளை மேலேயே திருப்பிவிட்டீர்களே.

2009 மே 18 இல் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப் போன கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் இன்றுவரை திரும்பவில்லை. கூடப் போனவர்கள் எல்லாரும் அவருடைய சமயத்தார் அல்ல. ஊழியம் என்றால் அதைச் சொல்லலாம்.

இன்னும் எழுதலாம். கூரைத்தகடு கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரவு பார்ப்பவர்களைப் பற்றி. மதமாற்றத்தைத் தடுப்போம் என்று வெளியிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டு, பின்னேர பஸ்ஸுக்கே திரும்பிவிடுகிறவர்களைப் பற்றி. வெளிநாட்டுக் காசில் உயருகிற கோபுரங்களையும், அதே வீதியில் தறப்பாளுக்குக் கீழ் படிக்கிற பிள்ளைகளையும் பற்றி. சரி, விடுகிறேன். அதற்கு வேறு மடல் வேண்டும்.

உங்கள் நம்பிக்கையை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் சபையில், உங்கள் கோயில் மண்டபத்தில், கேட்க வந்தவர்களுக்கு நரகத்தைப் பற்றி விடிய விடியப் பேசுங்கள். செத்தவீட்டு முற்றத்தில் மட்டும் வேண்டாம். கூப்பிட்டால் வாருங்கள், ஜெபியுங்கள், தேவாரம் பாடுங்கள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அந்தச் சனத்தோடு கொஞ்சநேரம் இருங்கள். எங்கள் ஆட்களுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வருகிற ஆடி அமாவாசைக்கு முன், உங்கள் மாதக் கூட்டங்களில் இதை எடுத்துப் பேசி, இரு தரப்பும் ஒரு பொது அறிவித்தல் விடவேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். செத்தவீட்டில் பேசிய போதகரும் பட்டியல் எழுதிய ஐயரும் அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒருக்கால் போய், சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வழி தெரியாவிட்டால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து
உங்கள் ஊரவன் ஒருவன்