டிரங்க் போர்டில் கற்ற இங்கிலீஷ்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனதும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து ரெண்டு தரம் படித்தேன். கண் ஆபரேஷன் முடிந்து நீயே கைப்பட எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்குப் பெரிய செய்தி. எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. மற்றபடி நாம் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்த நாளில் டிரங்க் கால் டிக்கெட்டில் எழுதுவாயே, அதே சாய்வு.

இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஐப்பசி மழையில் கொல்லை முருங்கை ஒடிந்து விழுந்துவிட்டது, அதன் கொப்பையே நட்டு வைத்திருக்கிறேன். துளிர்த்துவிட்டது.

அப்புறம், போனும் கம்ப்யூட்டரும் புழங்கப் பேரன் உனக்கு எழுதிக் கொடுத்த அந்த நாற்பது இங்கிலீஷ் வார்த்தை. தினம் ஐந்து மனப்பாடம் செய்கிறேன், மறுநாள் மூன்று மறந்துவிடுகிறது, இந்த வயசில் இது நமக்குத் தேவையா என்று கேட்டிருந்தாய். தேவைதான் சரசு. நான் எப்படி இதில் இறங்கினேன் என்பதை உன்னிடம்கூட இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் தையல் மிஷினை விற்கலாம் என்று செல்போனில் விளம்பரம் போட்டோம். ஒருவன் பேசினான். நல்ல மரியாதையான பேச்சு. "பணம் இப்பவே அனுப்பிடறேன்மா, நான் அனுப்புற க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, உடனே உங்க கணக்குல விழுந்திடும்" என்றான். நானும் ஸ்கேன் செய்தேன். திரையில் தொகை இருந்தது, 4,500. அதற்கு மேலே சின்னதாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை. நான் தொகையைப் பார்த்தேன், வார்த்தையைப் பார்க்கவில்லை. பின் நம்பரைப் போட்டேன். பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்த வார்த்தை 'பே'. பே என்றால் கொடு. மூன்றே எழுத்து. நானா அதைப் படிக்கத் தெரியாதவள்? படிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இங்கிலீஷில் என்னவோ இருக்கிறது, அது நமக்கில்லை என்று கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்தோம், பணம் திரும்பவில்லை. புகாரை அந்த நிமிஷமே கொடுத்திருந்தால் பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டாம். இந்த எண்ணை உன் போனில் பதிந்து வைத்துக்கொள். இன்னொன்றையும் மனசில் வை: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எப்போதும் வேண்டாம். கொடுப்பதற்குத்தான் வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் 'கிரெடிட்' என்றால் வரவு, 'டெபிட்' என்றால் பற்று. நம் கணக்குப் புத்தகத்தில் இடமும் வலமுமாக எழுதுவோமே, அதேதான். கிரெடிட் என்பது லத்தீனில் 'நம்புதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது, டெபிட் 'பட்ட கடன்' என்பதிலிருந்து. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒருநாளும் ரெண்டும் குழம்பியதில்லை.

அந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். உன்னைப் போலத்தான் நானும் பட்டியல் எழுதி மனப்பாடத்தில் ஆரம்பித்தேன். நிற்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையும் எங்கே பிறந்தது, யார் வீட்டு வார்த்தை என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கேதான் எனக்குக் கதவு திறந்தது. இந்த வார்த்தைகளில் பாதிக்கு மேல் ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை இல்லை சரசு. கப்பல்காரன், ஓட்டல்காரன், மரவேலைக்காரன் பேசியதை எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கிறார்கள். சில வார்த்தைகளை நீயும் நானும் நைட் டியூட்டியில் புழங்கியே இருக்கிறோம்.

உன் பட்டியலில் முதல் வார்த்தை 'லாக் இன்'. லாக் என்றால் மரக்கட்டை. பழைய பாய்மரக் கப்பலில் வேகத்தை அளக்கக் கருவி கிடையாது. ஒரு மரத்துண்டை நீளக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் அப்படியே மிதந்து நிற்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். மணல் கடிகாரம் ஒரு தரம் காலியாவதற்குள், ஏறக்குறைய அரை நிமிஷம், எத்தனை முடிச்சு கைவழியாகப் போயிற்று என்று ஒருவன் எண்ணுவான். இன்றைக்கும் கப்பல் வேகத்தை 'நாட்' என்றுதான் சொல்கிறார்கள், நாட் என்றால் முடிச்சு. அந்தக் கட்டை சொன்ன கணக்கை எழுதிவைத்த புத்தகம் லாக் புக். நாம் டியூட்டிக்குப் போனதும் சூப்பர்வைசர் மேஜையில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தோமே, அது அந்தப் புத்தகத்தின் வழி வந்ததுதான். உள்ளே வந்தேன் என்று புத்தகத்தில் பதிவது லாக் இன். கிளம்புகிறேன் என்று பதிவது லாக் அவுட். இனி இது உனக்கு மறக்குமா?

அடுத்து 'சர்வர்'. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது "சர்வர் கிடைக்கலம்மா" என்கிறார்களே, அது என்னவோ ஏதோ என்று நினைத்திருப்பாய். ஓட்டலில் ரெண்டு இட்லி ஒரு வடை என்று கேட்டால் கொண்டுவந்து வைப்பாரே, அந்த சர்வர்தான். நம் போன் கேட்கும், தூரத்தில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் எடுத்துப் பரிமாறும். கேட்கிறவருக்குப் பெயர் 'கிளையன்ட்'. கூட்டம் அதிகமானால் சர்வர் திணறுவார், ஓட்டலிலும் அப்படித்தான். அந்தப் பரிமாறும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று நாம் கவலைப்பட வேண்டாம், சேர்த்து 'கிளவுட்' என்று சொல்லிவிடுகிறார்கள். மேகம். என்ஜினீயர்கள் படம் போடும்போது நெட்வொர்க்கின் உள்விவரம் தேவைப்படாத இடத்தில் ஒரு மேகத்தை வரைந்து விட்டுவிடுவார்கள், அந்தப் படத்திலிருந்து வந்த பெயர். உன் பேத்தியின் போட்டோ வானத்தில் ஒன்றும் இல்லை, எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், நிஜமான இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

'பக்' என்றால் பூச்சி, கம்ப்யூட்டரில் வரும் கோளாறுக்கும் அதுதான் பெயர். அதைப் படித்தபோது எனக்கு நம் ரிலே ரூம் ஞாபகம் வந்துவிட்டது. ரிலே என்றால் மின்சாரத்தால் தானே திறந்து மூடும் சுவிட்ச். ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் கோளாறு என்றால் மெக்கானிக் போய் ரிலேயின் முனைகளுக்கு நடுவே இருக்கும் தூசியைத் தட்டுவாரே. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்ற கம்ப்யூட்டரும் அப்படி ரிலேக்களால் ஆனதுதான். 1947 செப்டம்பர் 9 அன்று அதில் கோளாறு. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்து லாக் புக்கிலேயே டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே ஒரு பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது இதுவே முதல் முறை என்று பக்கத்தில் எழுதி வைத்தார்கள். அந்தக் குழுவில் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி இருந்தார். கணிதப் பேராசிரியர், கடற்படையில் சேர்ந்தவர், கம்ப்யூட்டருக்கு மனித மொழிக்கு நெருக்கமான கட்டளைகளைக் கொடுக்க முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர். கோளாறுக்கு 'பக்' என்று பெயர் அதற்கு வெகுநாள் முன்பே என்ஜினீயர்களிடம் இருந்தது, எடிசன்கூட 1878-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதனால்தான் நிஜப் பூச்சியே அகப்பட்டதும் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பக்கம், பூச்சியோடு, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போட்டோவைப் பேரனிடம் தேடிக் காட்டச் சொல்.

'மோடம்' உனக்குச் சுலபம். மாடுலேட்டர், டீமாடுலேட்டர், ரெண்டையும் ஒட்டிய பெயர். கம்ப்யூட்டர் பேசுவதைத் தொலைபேசி லைனில் போகிற ஒலியாக மாற்றுவது ஒன்று, மறுமுனையில் திருப்பி மாற்றுவது இன்னொன்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது அது நம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. கீச்சென்று இழுத்து ஒரு சத்தம் வருமே, அது ரெண்டு மோடம் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளும் சத்தம்.

'அப்டேட்'டும் 'அப்கிரேட்'டும் குழம்புகிறது என்றாய். டேட் என்றால் தேதி. இருப்பதை இன்றைய தேதிக்குக் கொண்டுவருவது அப்டேட். கிரேட் என்றால் படிநிலை. நமக்கு செலக்‌ஷன் கிரேடு வந்தபோது சம்பளம் ஒரு படி ஏறியதே, அந்த கிரேட். ஒரு படி மேலே தூக்குவது அப்கிரேட். போனில் அப்டேட் கேட்டால் பயப்படாமல் கொடு, காசு கேட்காது. அப்கிரேட் என்றால் நிதானமாகப் படி. பெரும்பாலும் அங்கேதான் காசு இருக்கும்.

இனி உன் பட்டியலின் கடைசி ரெண்டு வார்த்தை. பேரனின் கல்லூரியில் எல்லா நோட்டீஸிலும் 'இன்னொவேஷன்' என்று இருக்கிறதாம், அதற்கும் கண்டுபிடிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். லத்தீனில் 'நோவுஸ்' என்றால் புதிது. சமஸ்கிருதத்து 'நவ'வும் அதன் உறவுதான், நாம் நவீனம் என்கிறோமே அந்த நவ. இல்லாத ஒன்றை முதலில் உண்டாக்குவது இன்வென்ஷன். இருப்பதை எடுத்துப் புதுவிதமாகச் சேர்த்து மனிதர்களின் பழக்கத்தையே மாற்றுவது இன்னொவேஷன், தமிழில் புத்தாக்கம். க்யூ.ஆர். கோடையே எடுத்துக்கொள். க்யூ.ஆர். என்றால் 'விரைவான பதில்' என்பதன் சுருக்கம். 1994-இல் ஜப்பானில் டென்ஸோ என்ற நிறுவனம் கார் உதிரிபாகங்கள் எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பதற்காக உண்டாக்கியது. அது இன்வென்ஷன். 2016-இல் நம் நாட்டில் யு.பி.ஐ. வந்தது. வங்கிக் கணக்கு முன்பே இருந்தது, செல்போன் இருந்தது, அதில் கேமரா இருந்தது, அந்தக் கட்டமும் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்த பிறகு, இன்று எங்கள் தெருவில் கீரைக்கூடைக்குள்ளே அந்த அட்டை இருக்கிறது. அது இன்னொவேஷன். 4,500 ரூபாய் அதில் போனவள்தான் சொல்கிறேன், நல்ல காரியம்தான் அது.

'டிஸ்ரப்ஷன்' என்பதற்கு அகராதி பார்க்க வேண்டாம் சரசு. உடைத்துப் பிளப்பது என்று லத்தீனில் பொருள். நமக்கு அது நடந்தது. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது மெட்ராஸுக்குப் பேச ஒரு மனிதர் காலையில் புக் செய்துவிட்டு மத்தியானம் வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. நீ ஹெட்செட் மாட்டி, "எம் ஃபார் மெட்ராஸ்" என்று எழுத்து எழுத்தாகப் பெயர் சொல்லி, போர்டில் ஒயரைச் சொருகி ரெண்டு பேரைச் சேர்த்து வைப்பாய். ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி., 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே வந்தது, ஊர் ஊராக நகர்ந்து நம் ஊருக்கும் வந்தது. பூஜ்யத்தில் ஆரம்பித்து அவர்களே சுழற்றிக்கொண்டார்கள். போர்டில் விளக்கு எரிவது நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு நைட் டியூட்டியில் விடிய விடிய மொத்தம் மூன்றே கால் வந்தது, நீ பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டே "நம்மளை யாரும் கூப்பிடலைடீ" என்றாய். டிஸ்ரப்ஷன் என்று பத்திரிகையில் பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைப் பார்த்தால் அந்தக் காபியும் இருட்டான போர்டும்தான் தெரிகிறது. நமக்கு வேறு செக்‌ஷன் கிடைத்தது, பென்ஷன் கிடைத்தது. இன்றைக்கு அப்படி வேலை போகிற பிள்ளைகளுக்கு அது இல்லை, அந்தக் கவலை எனக்கு உண்டு.

நீ கேட்ட இன்னொரு விஷயம், தமிழ்ச் சொல்லைப் படிப்பதா இங்கிலீஷைப் படிப்பதா என்று. நான் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். பல நேரம் தமிழ்ச் சொல்தான் இங்கிலீஷை விளக்குகிறது. பாஸ்வேர்டு, கடவுச்சொல். கடவு என்றால் வழி, கடவுச்சீட்டு என்கிறோமே. வழி விடும் சொல். வேறு விளக்கம் வேண்டுமா? பிரவுசரை உலாவி என்று எழுதியவரைக் கும்பிட வேண்டும். சும்மா உலாத்திக்கொண்டே அங்கங்கே பார்ப்பதுதான் பிரவுஸ் செய்வது, மேய்வது என்றும் அதற்குப் பொருள் உண்டு. 'அவதார்' என்று திரையில் வரும் பொம்மை நம் அவதாரம்தான், இங்கிருந்து போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் செயலி, கணினி என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு கஸ்டமர் கேருக்குப் பேச முடியாது. அங்கே 'டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் மேடம்' என்பார்கள். டிக்கெட் என்றதும் விழிக்காதே. புகாரை நம்பர் போட்டுப் பதிந்திருக்கிறார்கள், நாம் ஒவ்வொரு காலுக்கும் எழுதிய டிக்கெட் மாதிரியே. அந்த நம்பரைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்.

பேரனின் பட்டியலை ஓரமாக வை. நாளைக்கு உன் போன் திரையில் முதலில் எந்த வார்த்தை கண்ணில் படுகிறதோ அதை மட்டும் எடு. விரலை வைக்கும் முன் வாய்விட்டுப் படி. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவனைத் தேடச் சொல், அவனுக்கும் தெரியட்டும். நாளுக்கு ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் வருகிறேன், உன் புதுக் கண்ணைப் பார்க்க வேண்டும். டிரங்க் புக் பண்ண வேண்டியதில்லை, கையில் போனை வைத்துக்கொண்டிரு போதும்.

அன்புடன்,
ஏழாம் நம்பர் போர்டுக்காரி