முகமூடியைக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் நடப்பதாகத் தங்கள் இதழில் வரும் முகமூடி வீரன் தொடர்கதையை வாரம் தவறாமல் படிக்கிறேன். 'அடுத்த இதழில் முகமூடி விலகுகிறது' என்ற அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஸாரோ என்ற முகமூடி வீரனைப் படைத்த எழுத்தாளர் ஜான்ஸ்டன் மெக்கல்லி, 1919-இல் வந்த முதல் கதையின் கடைசியிலேயே ஊரறிய அவனை முகமூடியை எடுக்க வைத்துவிட்டார். மறு ஆண்டே படம் வந்து ஸாரோவின் புகழ் பரவியது. மேலும் கதைகள் தேவைப்பட்டன. பாவம், பின்னால் எழுதியவற்றில் அந்த முடிவே நடக்காததுபோல் ரகசியத்தை மறுபடி பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. லீ ஃபால்க் கெட்டிக்காரர். 1936-இல் அவர் படைத்த படக்கதை முகமூடி வீரர் வேதாளர், முகமூடியில்லாமல் ஊருக்குள் வரும்போதுகூடத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத்தான் வருவார்.

சிறுவயதில் செய்யாறு பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவன் நான். ஒருமுறை கர்ணன் சாய்ந்தபோது தேம்பி அழுதேன். காலையில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் பொறையை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். காது மடலுக்குப் பின்னால் சிவப்பு அரிதாரம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கர்ணன் எனக்கு உண்மையில் செத்தது அப்போதுதான்.

ஓவியரிடமும் ஒரு வார்த்தை. ஆம்பூரில் தோல் கிடைக்கிறது என்பதற்காகக் கத்திரி வெயிலில் தோல் முகமூடியா? இங்கே மே மாதத்தில் இருசக்கர வண்டியில் போகிற பாதிப் பேர் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் ஆளை யார் கண்டுபிடிப்பது?

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒருவர்மீது சந்தேகம். மனைவிக்குக் காட்பாடி ரயில் நிலையத்து டிக்கெட் பரிசோதகர்மீது. பேரனுக்கு அந்த நூலகர்மீது. அவர் புத்தகம் இரவல் தர மறுப்பதே போதுமான சாட்சியாம். எனக்கு மண்டித் தெருக் கணக்குப்பிள்ளைமீது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இந்தச் சண்டையில்தான் ஆறிப்போகிறது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏழாவது அத்தியாயத்தில் கணக்குப்பிள்ளையின் வேட்டி ஓரத்தில் கோட்டை அகழிப் பாசி ஒட்டியிருந்ததே, எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்ததுதானே அது? பதில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.