வீல் நட்டுக்கு ஃப்ரீ கட்டிங் ராடு வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வில்லிஸ் என்னும் அமெரிக்க ஜீப்பின் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு, வீல் நட் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட், இடப்பக்கம் திருப்பினால் இறுகும் இடமரையில்தான் இருக்கும். அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. இதற்கான நட் கடைகளில் எளிதில் கிடைக்காது. அதனால் வண்டியைப் புதுப்பிப்பவர்கள் லேத் பட்டறைக்கு ஒரு மாதிரியைக் கொண்டுவந்து, சக்கரத்துக்கு ஐந்து வீதம் பத்து நட் கடைந்து கேட்கிறார்கள். அளவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எந்த எஃகு என்று கேட்பவர் குறைவு.

கேட்காதபோது பல பட்டறைகளில் கைக்கு வருவது 19 மி.மீ. அறுகோண பிரைட் பார், அதாவது இ.என்-1ஏ என்னும் ஃப்ரீ கட்டிங் எஃகு. கடைவதற்கு இதைப்போல சுகமான ராடு கிடையாது. சுருள் பொடிப்பொடியாக உதிரும், உள்மரை வெட்டும் டேப் உடையாது, மேற்பரப்பு பளபளக்கும். அந்தச் சுகத்தைத் தருவது அதில் சேர்த்திருக்கும் கந்தகம். சில வகைகளில் ஈயமும் உண்டு. கந்தகம் மாங்கனீஸ் சல்ஃபைடாகி, ராடின் நீளவாக்கில் நார்நாராக நீண்டு கிடக்கும். நட்டில் அந்த நார்கள் துளைக்கு இணையாக ஓடும்.

இப்போது நட்டை இறுக்குவதைப் பாருங்கள். சுமார் 90 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் உலர்ந்த ஸ்டட்டில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ மூன்றரை டன். மரையின் பக்கங்கள் சாய்வானவை என்பதால் அந்த விசையில் பாதிக்கு மேல் நட்டை வெளிப்பக்கமாக விரிக்கப் பார்க்கும். விரிக்கும் விசை சல்ஃபைடு நார்களுக்குக் குறுக்கே விழுகிறது. அந்தத் திசையில்தான் இந்த எஃகு மிகவும் பலவீனம். ஏர் கன் வைத்து அளவின்றி இறுக்கினால் நட் நெடுக்காகப் பிளப்பது இப்படித்தான். பிளக்காவிட்டாலும், இழுவலிமை, 10.9 எனக் குறிக்கப்படும் வலிமை மிக்க தர ஸ்டட்டில் பெரும்பாலும் பாதிகூட இல்லாத எஃகு அது. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட மரை நசுங்கும், ரிம்மின் துளையில் உட்காரும் நட்டின் கூம்புப் பகுதி பதிந்து தேயும், இறுக்கம் குறையும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: கெட்டியாக இருந்தால் நல்லது என்று நட்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவது, அல்லது பழைய ஆக்சில் ஷாஃப்டை வெட்டிக் கடைவது. டெம்பர் செய்யாத, அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்காத நட் கண்ணாடி மாதிரி வெடிக்கும். ஷாஃப்டின் மேல்தோல் கெட்டியாகவும் உள்பகுதி வேறாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசலும் இருக்கலாம். மேலும், நட் ஸ்டட்டைவிடக் கடினமாக இருந்தால் தேய்வது ஸ்டட். நட்டை மாற்றுவது சுலபம். ஸ்டட்டை மாற்ற ஹப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் பரிந்துரை இ.என்-19 என்னும் குரோம்-மாலிப்டினம் கலப்பு எஃகு, அதுவும் கெட்டிப்படுத்தி டெம்பர் செய்தே விற்கப்படும் 'டி' நிலை. அதன் கடினம் பிரினெல் அளவில் 248 முதல் 302 வரை, ராக்வெல் 'சி' அளவில் சொன்னால் ஏறக்குறைய 25 முதல் 32. ராக்வெல் 32 முதல் 39 வரை உள்ள 10.9 ஸ்டட்டுக்குச் சற்றே மென்மையான, ஆனால் தாங்கக்கூடிய ஜோடி. கடைந்த பிறகு உலையில் வைக்கத் தேவையில்லை. ஸ்டட் அதைவிட வலிமை குறைந்த 8.8 தரம் என்றால் கெட்டிப்படுத்தி டெம்பர் செய்த இ.என்-8 என்னும் நடுத்தரக் கார்பன் எஃகு போதும், சாதாரணமாக வரும் இ.என்-8 பிரைட் பார் அதற்கு ஈடல்ல.

இ.என்-19 அறுகோணமாகக் கிடைக்காவிட்டால் 25 மி.மீ. உருண்டை ராடை வாங்கி, ராடைச் சம கோணங்களில் திருப்பும் டிவைடிங் ஹெட்டில் வைத்து முக்கால் அங்குலப் பட்டை எடுக்கலாம். துளை 11.5 மி.மீ. டேப்பை மெதுவாக, கந்தகம் கலந்த கட்டிங் ஆயிலோடு ஓட்டுங்கள். முக்கியமானது ஒன்று: துளை, மரை, கூம்பு மூன்றையும் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். கூம்பின் முழுக்கோணம் 60 டிகிரி, ஆகவே லேத்தில் வெட்டுளியைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடு 30 டிகிரியில் நிற்கும். பிறகு கையால் டேப் போட்டால் மரை சாய்ந்து, கூம்பு ஒரு பக்கம் மட்டும் உட்காரும். அந்த நட் ஓட்டத்தில் தளரும். ரிம்மின் துளையில், தொடும் இடத்தைக் காட்டும் மார்க்கிங் ப்ளூ என்னும் நீலச் சாயம் தடவி நட்டைத் திருகிப் பாருங்கள். நீலம் வட்டம் முழுக்க ஒட்ட வேண்டும். துருவுக்கு பாஸ்பேட் பூச்சும் எண்ணெயும் போதும். வண்டியில் மாட்டி 50 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு முறை இறுக்கம் பாருங்கள்.

வலப்பக்கத்துக்கு வழக்கமான வலமரை நட் கடைபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த அரை அங்குல நட், மாருதி ஜிப்சியின் 12 மி.மீ. ஸ்டட்டிலும் சுலபமாக ஏறிவிடும். மரை இடைவெளி 1.27 மி.மீ., 1.25 மி.மீ. என ஒட்டி இருப்பதே காரணம். ஆனால் மரையின் நுனியை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். கடைந்த நட்டின் முகத்தில் அளவைப் பொறித்துக் கொடுங்கள்.

இரும்பு வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தரத்தைக் காட்டும் வண்ணம் ராடின் ஒரு முனையில்தான் இருக்கிறது. அந்த முனையை முதலில் வெட்டி விற்றுவிட்டால் மீதி ராடு எது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுமுனையிலிருந்து வெட்டுங்கள், ஒரு அடித் துண்டு வாங்குபவருக்கும் எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் ஹீட் எண்ணோடு சோதனைச் சான்றிதழின் நகலைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறைத் தொழிலாளர்கள்,
கோயம்புத்தூர்