பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறுபடும் வளர்ச்சி நிலையான ஆட்டிசம், தடுப்பூசியால் வருமா என்ற கேள்வி இந்த ஆண்டும் எழுந்தது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது என்று பதில் தரப்பட்டது. செயற்குழு அவ்வப்போது கூடியது. போதிய உறுப்பினர்கள் வராமல் கலைந்ததும் உண்டு.

இனி, குழந்தையின் பேச்சும் பழகுமுறையும் வயதுக்கேற்ப வளர்கின்றனவா என்று பெற்றோர் பார்க்க நாம் அச்சிட்ட வளர்ச்சிக் குறிப்புத்தாள். பெற்றோரை வீணாகப் பயமுறுத்துகிறேன் என்று செயற்குழுவிலேயே சிலர் சொன்னதால் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. தாளில் இருப்பவை எளிய கேள்விகள். 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? 18 மாதத்தில், தான் கண்டதை நமக்கும் காட்ட விரல் நீட்டுகிறதா? 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா? வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் அச்சிடச் சொன்னது நான்தான். குறைமாதக் குழந்தைக்கு, மருத்துவர் குறித்திருந்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும் என்ற குறிப்பும் அடியில் உண்டு. தாளை வைத்துக்கொண்டு இன்ன கோளாறு என்று யாரும் முடிவுகட்ட முடியாது. நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டுமே அது சொல்லும்.

பேச்சு தாமதமானால் முதலில் செவித்திறன் பரிசோதனை என்று எழுதியதற்கும் ஆட்சேபம் வந்தது. “கதவு அடித்தால் திரும்புகிறானே” என்றார் ஒருவர். பலத்த ஓசைக்குத் திரும்பும் குழந்தைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்பார்கள். சராசரியில் சிறு வேறுபாடு இருப்பது உண்மை. அதை நம்பி மூன்று வயது வரை சும்மா இருப்பதற்கு நியாயமில்லை. காத்திருந்து பார்ப்போம் என்பது பொறுமை போலத் தோன்றும். பயிற்சிக்கு மிகவும் உகந்த ஆண்டுகள் அதில்தான் கழிந்துபோகின்றன.

கூட்டங்களுக்கு வருவோர் பெரும்பாலும் தாய்மார்களே. தந்தையருக்கு அழைப்பு அனுப்பினால் வேலை என்று பதில் வருகிறது. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து கடந்த நூற்றாண்டின் நடுவில் மருத்துவ உலகிலேயே செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆட்டிசம் நரம்பு மண்டலத்தைச் சார்ந்தது என்று 1964இல் ஆதாரங்களோடு வாதிட்டவர் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தை. அவருக்கும் வேலை இருந்திருக்கும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடத்தில் சந்தா நிலுவை இருக்கிறது. பெயர்களைச் சபையில் சொல்வது நாகரிகமல்ல. பட்டியல் என்னிடம் இருக்கிறது.

இடம் தந்தவர்கள், கட்டணமின்றி வந்து பேசிய பேச்சுப் பயிற்சியாளர்கள், நாற்காலி எடுத்துப்போட்டவர்கள் அனைவருக்கும் நன்றி.

அச்சிட்ட தாள்கள் தீர்ந்துவிட்டன. மறுபதிப்பு எப்போது என்று என்னிடம் கேட்பவர்கள் முதலில் தங்கள் ரசீதை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். செயலாளர் பொறுப்பை வேறு எவரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். ஒரே நிபந்தனை, அந்தத் தடித்த எழுத்தை மாற்றக் கூடாது.

இப்படிக்கு,
செயலாளர்